கார் கவர்: யாருக்கு உதவும், யாருக்கு வீண் செலவு

அவசரத்தில் இருப்பவர்களுக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டுகிற காருக்குக் கவர் வேண்டாம். நாள்கணக்கில் அசையாமல் வெயிலில் நிற்கிற காருக்கு, அதுவும் கழுவித் துடைத்துவிட்டுப் போடும் பொறுமை உங்களுக்கு இருந்தால், நல்ல கவர் ஒன்று வாங்கலாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற வெள்ளி நிறக் கவரை யாருமே வாங்க வேண்டாம். ஏன் என்று தெரிய வேண்டுமானால் தொடர்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் இருப்பது திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போய்விடலாம். எங்கள் ஃபிளாட்டில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம். அந்த இடத்தில் மகனுடைய கார் நிற்கிறது. என்னுடைய அடர் நீல வேகன் ஆர் கேட்டுக்கு வெளியே, தெருவோரம், ஒரு புங்க மரத்தடியில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதை நான் எடுப்பதெல்லாம் மருந்தீஸ்வரர் கோயிலுக்கு, அடையாறு மார்க்கெட்டுக்கு, எப்போதாவது காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டுக்கு. பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூரு போனால் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆக, வெயில், கடற்காற்று, மரம், காக்கா, தெருநாய் எல்லாம் என் காருக்கு உண்டு. கவரைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

கவர் எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று முதலில் பார்ப்போம். காரின் பெயின்ட்டுக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். புதுக் காரில் அது சுமார் 40 மைக்ரான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரை இருபத்தைந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. பளபளப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது மங்கும், அப்புறம் பானெட்டிலும் கூரையிலும் செதில் செதிலாகக் கிளம்பும். தெருவிலேயே நின்று பழகிய பழைய சிவப்புக் கார் ஏதாவது கண்ணில் பட்டால் பாருங்கள். கதவில் சிவப்பு அப்படியே இருக்கும், மேல்பக்கம் வெளுத்துப் போயிருக்கும்.

காக்கா எச்சம் அதைவிட வேகமான எதிரி. அதில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். ஆனால் அமிலம் மட்டுமே காரணம் இல்லை. நண்பகலில் பானெட் கொதிக்கும்போது கிளியர் கோட் இளகி விரிகிறது, எச்சமோ காய்ந்து இறுகுகிறது. சாயங்காலம் சூடு தணியும்போது அந்தப் பூச்சு எச்சத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சுருங்குகிறது. அதற்குப் பிறகு எத்தனை முறை கழுவினாலும் அந்த இடத்தில் ஒரு வளையம் தெரியும். கத்திரி வெயிலில் இதற்கு ஒரே பகல் போதும்.

மரத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனது. நிழல் தருகிறது, அதனால்தான் அங்கே நிறுத்துகிறேன். கோடை தொடங்கியதும் பூ உதிர்ந்து பொரி கொட்டியதுபோல் காரெல்லாம் கிடக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இலையில் இருக்கும் சாறு உறிஞ்சும் பூச்சிகள் ஒரு இனிப்பு நீரைச் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. கண்ணாடியில் அது பிசுபிசு என்று ஒட்டி, மேலே தூசி படிந்து, வைப்பரைப் போட்டால் இழுவிக்கொண்டு போகும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு இந்த உபத்திரவம் நன்றாகத் தெரியும்.

சரி, கவருக்கு வருகிறேன். நான் பயன்படுத்தியது இரண்டு.

முதலாவது, ஜி.பி. ரோட்டில் வாங்கியது. சென்னையில் கார் சாமான் என்றால் அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் அந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான், சீட் கவரிலிருந்து ஹாரன் வரை எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர் எடுத்துப் போட்டது டஃபேட்டா துணியில் வெள்ளிப் பூச்சு பூசிய கவர். "190 டி மேடம், வாட்டர் ப்ரூஃப்" என்றார். அந்த 190 என்பது ஒரு அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் நூல்களின் மொத்த எண்ணிக்கை. குடைத் துணியிலும் இதே கணக்குதான். துணி எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லுமே தவிர, வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லாது.

தாங்கவில்லை. ஒரு கோடை முடிவதற்குள் வெள்ளிப் பூச்சு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. மடித்தால் கையெல்லாம் சாம்பல் நிறம், புடவையிலும் ஒட்டியது. பூச்சு போன இடத்தில் மழைநீர் தாராளமாக இறங்கியது. போகாத இடத்தில் வேறு தொல்லை: நீர் உள்ளே போகவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே வராது. மார்கழி மாதக் காலையில் கவரைத் தூக்கினால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். வெயில் ஏறினால் அந்த ஈரம் அங்கேயே வேகும். காற்றில் உப்பு கலந்திருக்கும் ஊரில் ஈரத்தைக் காரோடு சேர்த்துக் கட்டிவைப்பது நல்ல யோசனை இல்லை. அடிப்பாகத்தை எந்தக் கவரும் மூடுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கக் கார்களில் துரு பெரும்பாலும் கீழேயிருந்துதான் ஏறுகிறது. அதற்கு மருந்து கவர் இல்லை, கீழே பூசும் ஆன்டி ரஸ்ட் கோட்டிங்தான்.

இரண்டாவது, ஆன்லைனில் வாங்கியது. மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது. நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, உள்பக்கம் மெத்தென்று பஞ்சுபோட்டது. தண்ணீரை முழுசாகத் தடுக்காது, விடாமல் அடிக்கும் ஐப்பசி மழையில் ஊறத்தான் செய்யும். ஆனால் காற்றுப் போகும், ஆகவே நனைந்தாலும் மழை விட்டதும் காரின் மேலேயே காய்ந்துவிடுகிறது. இரண்டு வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு காற்றுப் போகிற வகையைத்தான் சொல்வேன். மழைநீர் பெயின்ட்டை ஒன்றும் செய்யாது, கார் மழையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. தேங்கி நிற்கும் ஈரம்தான் கெடுக்கும்.

இதில் எனக்குப் பிடித்தவை: சைடு மிரருக்குத் தனியாகப் பை வைத்துத் தைத்திருக்கிறார்கள், கவர் இடம் மாறாமல் நிற்கிறது. அடியில் குறுக்கே போகும் பெல்ட்டுக்குப் பக்கிள் இருக்கிறது. மதியம் கடற்காற்று கிளம்பினால் எலாஸ்டிக் மட்டும் வைத்த கவர் பட்டம்போல் எழும்பப் பார்க்கும், பெல்ட் போட்டது அசையாது. பிடிக்காதது, எடை. நனைந்துவிட்டால் என்னால் தனியாகத் தூக்க முடியாது. எங்கள் வாட்ச்மேன்தான் ஒரு பக்கம் பிடிப்பார். "இதுல முன்னாடி எது, பின்னாடி எதும்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்பக்க ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றைத் தைத்துவிட்டேன், அப்புறம் அந்தக் கேள்வி இல்லை. கூரையில் கம்பி ஆன்டெனா இருந்தால் திருகிக் கழற்றிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் முதலில் கிழிவது அந்த இடம்தான்.

இப்போது கவரை எதிர்க்கிறவர்கள் சொல்லும் பெரிய காரணம்: கவரே கீறல் போடும் என்பது. உண்மைதான். ஆனால் கீறுவது கவர் இல்லை, கவருக்கும் காருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மண். தூசி படிந்த காரின் மேல் கவரை இழுத்துப் போட்டால் அந்தத் தூசியைப் பெயின்ட்டின் மேல் தேய்க்கிறோம். காற்றில் கவர் படபடத்தால் மறுபடி தேய்க்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரு கறுப்பு செடான் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஆபீஸ் விட்டு வந்ததும் எஞ்சின் சூடு ஆறக்கூட விடாமல், துடைக்காமல், கவரைப் போட்டுவிடுவார். தினமும் தவறாது. இரவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்தக் காரைச் சாய்வாகப் பார்த்தால் பம்பர் முனையிலும் கதவு ஓரத்திலும் வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள், எலாஸ்டிக் படுகிற கோட்டில் ஒரு பட்டையே தேய்ந்திருக்கிறது. அவருடைய ஒழுக்கம்தான் அந்தக் காரைக் கெடுத்தது என்பேன். கவர் வாங்காத சோம்பேறிகளின் கார் அதைவிட நன்றாக இருக்கிறது.

அதனால்தான் தினமும் ஓட்டுகிற காருக்கு வேண்டாம் என்கிறேன். ஒவ்வொரு நாளும் கழுவிக் கவர் போட யாரால் முடியும்? 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு நின்ற ஊர் இது. தினசரிக் காருக்கு முன்கண்ணாடியில் மடக்கி வைக்கும் சன் ஷேட் ஒன்று போதும். வெளியே 38 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் டாஷ்போர்டு 70 டிகிரிவரை போகும், அதைப் பெருமளவு குறைப்பது இந்தச் சில நூறு ரூபாய் அட்டைதான். எச்சத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் டிக்கியில் கிடக்கட்டும். நனைத்து, ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் கவரை விட மோசமான கீறல் விழும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வாக்ஸ் போட்டால் ஒட்டுவதும் குறையும்.

என் காருக்குக் கவர் எங்கே உதவியது என்றால், பெங்களூரு போகும் நாள்களில். கிளம்பும் முன் வாட்டர் வாஷ் செய்து, ஈரம் போகக் காயவிட்டு, கவரைப் போட்டுப் பெல்ட்டைக் கட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது எச்சம், பிசின், பூ எல்லாம் கவரோடு போகிறது. பானெட்டில் வளையம் இல்லை. மெல்லிய தூசி மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது, அதை எந்தக் கவரும் தடுப்பதாக எனக்குத் தெரியவில்லை. தெருநாய் பானெட்டில் ஏறிப் படுத்தாலும் நகக் கீறல் பெயின்ட்டில் விழவில்லை, துணியோடு நின்றது.

எலி விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். கவர் போட்டால் எலி வராது என்று சிலர் நம்புகிறார்கள். எலி வருவது கீழேயிருந்து, டயர் வழியாக. இருட்டும் கதகதப்பும் அசைவின்மையும் அதற்குப் பிடித்தவை, கவர் இந்த மூன்றையும் தருகிறது. ஊரில் இருக்கும்போதாவது வாரத்துக்கு ஒரு தடவை கவரை விலக்கிப் பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. ஒயரைக் கடித்தால் அதற்கான செலவில் இதேபோல இன்னும் சில கவர் வாங்கலாம்.

தீபாவளி சமயத்தில் கவரை எடுத்துவிடுகிறேன். டஃபேட்டாவும் பாலிப்ரொப்பிலீனும் பிளாஸ்டிக்தான், ராக்கெட் பொறி ஒன்று விழுந்தால் உருகிப் பெயின்ட்டில் ஒட்டும், காற்று வேறு இருந்தால் எரியவே செய்யும். மூடாத உலோகத்தில் விழுந்த பொறி பெரும்பாலும் கறுப்புப் புள்ளியோடு போய்விடும். முடிந்தால் அன்று இரவு மகன் காரை அலுவலகத்தில் விட்டுவிட்டு வரச் சொல்லி, என் காரை உள்ளே ஏற்றிவிடுவேன். புயல் எச்சரிக்கை வந்தாலும் அப்படித்தான். 2016 வர்தா புயலில் சென்னையில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் மரத்தடியில் கார் நிறுத்திக் கவரை நம்ப மாட்டார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாமில் கார்களை மூழ்கடித்தது கீழேயிருந்து ஏறிய தண்ணீர், அதில் கவருக்கு என்ன வேலை?

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. கடையில் கவரின் ஒரு மூலையை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துத் தையல் ஓரத்தைப் பாருங்கள். ஊசித் துளை வழியாக வெளிச்சம் தெரிந்தால் தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான். துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், கொஞ்சமாவது காற்றுப் போக வேண்டும். உள்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். "எல்லா ஹேட்ச்பேக்குக்கும் பொருந்தும்" என்றால் எதற்குமே சரியாகப் பொருந்தாது என்று அர்த்தம். உங்கள் காரின் பெயரையும் வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள். வேகன் ஆர் மாதிரி உயரமான காருக்கு மற்ற ஹேட்ச்பேக் கவரைப் போட்டால் சக்கரத்தில் பாதிகூட மூடாது. மூடிய கார் பார்க்கிங் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, தூசிக்கு ஒரு பழைய பருத்திப் போர்வை போதும்.

என்னுடைய மல்டி லேயர் கவருக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன், வெள்ளிக் கவருக்கு ஒன்று. அடுத்து வாங்கினால் ஓட்டுநர் பக்கக் கதவுக்கு ஜிப் வைத்ததாகத் தேடுவேன். காருக்குள் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க இப்போது முழுக் கவரையும் உருவ வேண்டியிருக்கிறது, வாட்ச்மேன் டீ குடித்துவிட்டு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது.