நைரோபி யானைக் குட்டிகள்: தத்தெடுத்த பிறகு உண்மையில் என்ன நடக்கும்?

கென்யாவின் ஷெல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளையில் தாயை இழந்த ஒரு யானைக் குட்டியைத் தத்தெடுக்க ஆண்டுக்குக் குறைந்தது 50 டாலர். பொம்மையோ பார்சலோ எதுவும் வராது. மின்னஞ்சலில் சான்றிதழ், குட்டியின் கதை, மாதந்தோறும் செய்தி, ஒரு நீர்வண்ண ஓவியம், இவ்வளவுதான் கைக்கு வரும். ஒரே குட்டியைப் பல பேர் தத்தெடுத்திருப்பார்கள். பணம் அந்தக் குட்டிக்கென்று தனியாக ஒதுக்கப்படுவதில்லை. எல்லாக் குட்டிகளுக்குமான பொதுச் செலவில் சேரும். அதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. இல்லாவிட்டால் அழகாகப் படம் எடுக்க வாய்த்த குட்டிக்கு மட்டும்தான் பால் கிடைக்கும்.

அந்தப் பால்தான் பெரிய செலவு. யானைக் குட்டிக்குப் பசும்பால் கொழுப்பு செரிக்காது. அறக்கட்டளையை நிறுவிய டாஃப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் முயன்று, தேங்காய் எண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால் பவுடரில் விடை கண்டார். இரவு பகல் பாராமல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டி. சில குட்டிகள் புட்டியைச் சும்மா நீட்டினால் குடிக்காது. கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் பின்னாலிருந்து பராமரிப்பாளர் புட்டியை நீட்டுவார். குட்டி துதிக்கையைக் கம்பளியில் அழுத்திக்கொண்டு, தாயின் வயிற்றில் சாய்ந்த மாதிரி குடிக்கும். ராத்திரி கொட்டிலில் பராமரிப்பாளரும் கூடவே படுப்பார், ஆனால் ஆளை மாற்றி மாற்றித்தான். ஆயிஷா என்ற குட்டி டாஃப்னியிடம் மட்டுமே ஒட்டிக்கொண்டு, அவர் சில நாள் வெளியூர் போனபோது ஏங்கியே இறந்தது. அதில் கற்ற பாடம் இது.

எந்தக் குட்டியைத் தேர்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நைரோபி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் நர்சரியில் சுமார் மூன்று வயது வரை வைத்திருப்பார்கள். பிறகு சாவோ கிழக்கு தேசியப் பூங்காவில் உள்ள வோய், இத்தும்பா, அல்லது கிப்வேசி காட்டின் உமானி முகாமுக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து காட்டுக்குத் திரும்பப் பல வருடம் ஆகும். நீண்ட காலம் செய்தி வேண்டுமென்றால் நர்சரியில் இருக்கும் சிறு குட்டியை எடுங்கள். காட்டோடு போய்விட்ட யானையைப் பற்றிச் செய்தி எப்போதாவதுதான் வரும். அதற்காக வருத்தப்படாதீர்கள், திட்டத்தின் நோக்கமே அதுதான். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: புதிதாக வந்த குட்டிகள் பலவீனமாக இருக்கும். நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் திடீரென்று கொண்டுபோய்விடும். பராமரிப்பாளர்கள் எழுதி வெளியிடும் நாட்குறிப்பில் அதையும் மறைக்காமல் எழுதுவார்கள். குழந்தைக்குப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், ஓரிரு வருடம் தாண்டி நன்றாகத் தேறிய குட்டியே நல்லது.

பராமரிப்பாளர்களின் நாட்குறிப்பை விடாமல் படியுங்கள். 50 டாலருக்கு மேல் மதிப்புள்ளது அது. ஒவ்வொரு முகாமுக்கும் தனித்தனியாக, நாள்வாரியாக இருக்கும். ஆரம்பத்தில் பெயர்கள் குழம்பும். மீட்ட இடத்தின் பெயரையே பல குட்டிகளுக்கு வைத்திருப்பார்கள். படத்தின் கீழே உள்ள குறிப்பில் உங்கள் குட்டியின் பெயரைத் தேடுவது எளிது. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் யார் யாருடன் சேர்த்தி, யார் அடுத்தவர் புட்டியைப் பறிப்பவர் என்பதெல்லாம் பிடிபடும்.

இந்திய அட்டையில் கட்டுபவர்கள் முதலில் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிடுங்கள். பணம் போகாமல் நிற்பதற்கு அதுவே வழக்கமான காரணம். நாணய மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும். நன்கொடைக்கான 80ஜி வரிவிலக்கு இதற்குக் கிடையாது. கட்டிய பிறகு சான்றிதழ் வரவில்லையென்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். மாத மடல் ஜிமெயிலில் விளம்பரப் பகுதிக்குப் போய் ஒளிந்துகொள்ளும்; ஒருமுறை முதன்மைப் பகுதிக்கு இழுத்துப் போட்டால் போதும்.

நேரில் போவதானால் விமானச் சீட்டுக்கு முன்பே நர்சரியில் இடம் பதிவு செய்யுங்கள். காலை 11 மணிக்குத் தொடங்கும் பார்வை நேரம் ஒரு மணி நேரம்தான். உங்கள் குட்டி இன்னும் நர்சரியில்தான் இருக்கிறதா, சாவோவுக்குப் போய்விட்டதா என்பதைக் கிளம்பும் மாதத்தின் நாட்குறிப்பில் பார்த்துவிடுங்கள்.