புது ஷாக் என்று சொல்லி, பெயின்ட் அடித்த பழசை மாட்டிவிட்டார்கள்: வடசென்னை கார்க்காரர்கள் கவனத்துக்கு

காரில் ஷாக் அப்சார்பர் லீக் ஆகிறது என்று மெக்கானிக் சொன்னால், நம் பக்கத்தில் அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஏமாற்று வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. புது ஷாக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, வேறு எந்தக் காரிலோ கழற்றிப் போட்ட பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, ஆயில் ஊற்றி, வெல்டிங் வைத்து அடைத்து, கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டிவிடுகிறார்கள். எங்கள் வேகன் ஆரில் இதைத்தான் செய்தார்கள். பணத்தோடு போயிருந்தால் நாலு பேரிடம் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸிலும் கை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் என் தினசரிப் பயணம். அந்த லாரிகள் அழுத்தி அழுத்தி தார் அலை அலையாக எழும்பியிருக்கும். மணலி பக்கம் போனாலும் அதே கதை. மாதவரத்திலிருந்து மூலக்கடை வழியாகப் பெரம்பூர் வந்தால் மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட ரோடு. இந்த ரோடுகளில் ஓடும் எந்தக் காரின் ஷாக்கும் ரொம்ப நாள் தாங்காது. நம்மிடம் "ஷாக் போயிடுச்சு" என்று யார் சொன்னாலும் நாம் நம்பிவிடுவோம் என்பது இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஷாக் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் விஷயத்துக்கு அது வேண்டும். காரின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக். உள்ளே ஆயில் இருக்கும். ராடு மேலும் கீழும் போகும்போது, அதன் முனையில் உள்ள பிஸ்டனின் சின்னச் சின்ன வால்வுகள் வழியாக அந்த ஆயில் திணறித் திணறிப் போகும், அந்தத் திணறல்தான் துள்ளலை அடக்குகிறது. ராடு வெளியே வரும் இடத்தில் ஒரு ஆயில் சீல். ராடில் துரு ஏறினாலோ, மண் ஒட்டினாலோ அந்த சீல் அறுபட்டு ஆயில் கசிய ஆரம்பிக்கும். மேல் பகுதியில் லேசாக ஈரப்பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணம். ஆயில் வழிந்து இறங்கி, அதன் மேல் புழுதி கெட்டியாக அப்பியிருந்தால்தான் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் காரில் முன்பக்கம் இடது ஷாக் அந்த நிலையில்தான் இருந்தது. வாட்டர் சர்வீஸுக்கு விட்டபோது அந்தப் பையன்தான் காட்டினான்.

வீட்டுக்குப் பக்கத்தில், அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் போகும் ஒரு ஷெட்டுக்கு எடுத்துப்போனேன். பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருப்பதால். ஷெட்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், ஒரு சைடு மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும், முன்னாடி ரெண்டையும் மாத்திடலாம்" என்றார். அது சரியான பேச்சுதான். ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். "கம்பெனி ஷாக், புது மவுன்ட் கிட், லேபர் எல்லாம் சேர்த்து 9,800." (மவுன்ட் என்பது ஷாக்கின் மேல் முனையைக் காரோடு பிடிக்கும் பாகம்.) பில் கேட்டேன். "பில் போட்டா 28 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும் மேடம், உங்களுக்கு எதுக்கு அது?" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். சாயங்காலம் வண்டி வந்துவிட்டது. அலைன்மென்ட் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "ஷாக்குக்கெல்லாம் தேவையில்ல மேடம்" என்று பதில். இது பச்சைப் பொய். முன் ஷாக்கைக் கழற்றினால் சக்கரம் நிற்கும் கோணமே மாறும், அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. போகப் போக பிரேக் அடித்தால் காரின் மூக்கு குனிய ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒருநாள் எண்ணூர் விரைவுச் சாலையில் எனக்கு முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றது. நானும் பிரேக் அடித்தேன். முன்பக்கம் துள்ளி, டயர் ரோட்டைப் பிடிக்காமல் வழுக்கி, டிரெய்லரின் பின் கம்பிக்குக் கொஞ்சம் தள்ளித்தான் கார் நின்றது. பின் சீட்டில் என் மாமியாரும் மகளும் இருந்தார்கள். ஷாக் போனால் பயணம் குலுங்கும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். டயர் ரோட்டைவிட்டு எழும்பிக்கொண்டே இருந்தால் பிரேக் எதைப் பிடிக்கும்?

மூலக்கடை பக்கம் ஒரு அலைன்மென்ட் கடைக்கு வண்டியை எடுத்துப்போனேன். அங்கே இருக்கும் பெரியவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "திட்டுத் திட்டா தேஞ்சிருக்கும்மா, இது அலைன்மென்ட் மட்டும் இல்ல, ஷாக் அடக்கல" என்றார். ஷாக் புதுசு பாய் என்றேன். பதில் சொல்லாமல் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். தின்னரில் நனைத்த துணியால் ஷாக்கின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். கறுப்பு பெயின்ட் கரைந்து வந்தது. அதற்குக் கீழே துரு. துருவுக்கு நடுவில், துவரம் பருப்பு அளவுக்கு ஒரு வெல்டிங் மொட்டு. "இங்க விரலை வைம்மா" என்றார். வைத்தேன், மேடு தட்டுப்பட்டது. அதுதான் ஆயில் ஊற்றுவதற்காக டிரில் போட்டு அடைத்த ஓட்டை.

டஸ்ட் கவரைத் தூக்கி ராடைக் காட்டினார். புது ராடு என்றால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். இதில் பொடிப்பொடியாகத் துருக் குழிகள், அதோடு பிளையர் பல்லின் தடம். மேல் நட்டை முடுக்கும்போது ராடு சுற்றாமல் இருக்க பிளையரால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். அப்படிக் கீறிய ராடு ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போதும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஆயில் திரும்பவும் வழிய ஆரம்பித்திருந்தது. மவுன்ட் கிட் என்று சீட்டில் எழுதியிருந்தது அல்லவா? மேல் மவுன்டின் ரப்பர் வெடித்துப் போன அதே பழைய ரப்பர். அந்த 'டொக்' சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

இந்த மாதிரி ஆயில் ஊற்றினால் ஷாக் சரியாகவே ஆகாதா என்று கேட்டேன். "உள்ள வால்வு தேஞ்சு போயிருக்கும்மா. அதுல எந்த ஆயில் ஊத்தினா என்ன? சீலும் பழசு. கொஞ்ச நாள் கெட்டியா இருக்கற மாதிரி தெரியும், அவ்வளவுதான்." கேஸ் நிரப்பி வரும் ஷாக்கில் ஓட்டை போட்ட உடனே கேஸ் போய்விடும், அதைத் திரும்ப நிரப்ப இந்த ஷெட்களில் வசதி கிடையாது என்றும் சொன்னார்.

அப்புறம் வலது சக்கரத்தைக் கழற்றினார். அங்கே பார்த்ததை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. முன் ஷாக்கில் இடது வேறு, வலது வேறு. பிரேக் ஹோஸைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் தகடு ஒன்று ஷாக்கின் உடம்பிலேயே பற்றவைத்து வரும், அது இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக இருக்கும். எங்கள் காரில் வலது பக்கத்திலும் இடது ஷாக்கையே மாட்டியிருக்கிறார்கள். தகடு தப்பான பக்கம் வந்திருக்கிறது. உடனே தகட்டை அறுத்துவிட்டு, ஹோஸை ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு ஷாக்கோடு கட்டியிருக்கிறார்கள். டேக் தளர்ந்து, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் ஹோஸ் டயரில் உரசியிருக்கிறது. மேல் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் பின்னல் தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த ஹோஸ் அறுந்தால் பிரேக் ஆயில் கொட்டிவிடும், பெடல் தரையோடு போகும். பாய் என்னிடம் எதுவும் விளக்கவில்லை. "இந்த வண்டியை இப்படியே எடுத்துட்டுப் போகாதம்மா" என்று மட்டும் சொன்னார்.

எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். "கம்பெனி பீஸே இப்பல்லாம் இப்படித்தான் வருது மேடம்" என்றார் முதலில். வெல்டிங் மொட்டைக் காட்டியதும், "பையன் மாத்தி மாட்டியிருப்பான்" என்றார். எங்கள் பழைய ஷாக் எங்கே என்று கேட்டேன், "காயலான் கடைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார். அவை பெயின்ட் பூசிக்கொண்டு இப்போது வேறு யாருடைய காரில் ஓடுகின்றனவோ! கடைசியில், "கொண்டு வாங்க, ஃப்ரீயா வேற மாட்டித் தரேன்" என்றார். பிரேக் ஹோஸை டேக் போட்டுக் கட்டிய ஆளிடம் திரும்பவும் காரை விட நான் தயாராக இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்.

புது ஷாக்கை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். அண்ணாசாலை பக்கம் போக அலுப்பாக இருந்தாலும் உதிரிபாகத்துக்கு அங்கே போவதுதான் நல்லது, நாலு கடையில் விலை கேட்கலாம். இடது, வலது ஷாக், மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டி பில்லோடு 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. பில்லில் 18 சதவீதம்தான் போட்டிருந்தது. கார் உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம் என்பது 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியோடு முடிந்துபோன கதை. இன்னமும் பழைய வரியைச் சொல்லி பில் போடாமல் தப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பிரேக் ஹோஸும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. பாய் மாட்டியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஷாக்கைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் என்ற கருவியைப் போட்டு மெதுவாக அமுக்கினார், ராடில் பிளையர் படவே இல்லை. கடைசியில் அலைன்மென்ட். வண்டி இப்போது பள்ளத்தில் இறங்கினால் ஒரே அசைவில் நின்றுவிடுகிறது.

நீங்கள் மாற்றப் போகிறீர்கள் என்றால், மாட்டுவதற்கு முன்னால் ஷாக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாட்டிய பிறகு சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. பெட்டி உங்கள் முன்னால் பிரிய வேண்டும். ஷாக்கின் உடம்பில் பார்ட் நம்பர், தயாரித்த தேதி, இடது வலது என்ற குறி எல்லாம் அச்சாகவோ ஸ்டிக்கராகவோ இருக்கும். பெயின்ட் திட்டாக இருந்தாலோ, மரையின் மேலும் பெயின்ட் அப்பியிருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடிப்பக்கத்தை விரலால் தடவி மேடு இருக்கிறதா என்று பாருங்கள். ராடை அமுக்கிவிட்டு விட்டால், கேஸ் ஷாக் தானாக மெதுவாக மேலே வரும். ரொம்ப நாள் படுக்க வைத்திருந்த புது ஷாக்கும் முதலில் கொஞ்சம் லூசாக இருக்கும், நிமிர்த்தி வைத்து ஓரிரு முறை அமுக்கினால் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் பாதி வரை காற்றுப் போல இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். கழற்றிய பழைய ஷாக்கை ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். அது உங்கள் பொருள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். காயலான் கடையில் போடுவதானால் நீங்களே போடுங்கள், போடும் முன் யாரும் திரும்ப மாட்ட முடியாதபடி ராடைச் சுத்தியால் அடித்துக் கெடுத்துவிட்டுப் போடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் சும்மா இருக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு முதலில் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நம் பகுதிக்குச் சென்னை வடக்கு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். என்னிடம் முறையான பில் இல்லை. ஆனால் ஜிபேயில் பணம் போன பதிவு, அந்தத் துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப்பில் ஷெட்காரர் "ஷாக் செட் வந்துடுச்சு மேடம்" என்று அனுப்பிய செய்தி, கழற்றிய இரண்டு ஷாக், தேய்ந்த ஹோஸ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பாயும் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சமீபத்தில் வெளி ஷெட்டில் முன் ஷாக் மாற்றியவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடியுங்கள். செல்போன் டார்ச்சை அடித்து டயருக்குப் பின்னால் பாருங்கள். பிரேக் ஹோஸ் ஷாக்கில் உள்ள தகட்டில் கிளிப்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த பக்கமும் ஒடித்துப் பாருங்கள். எங்கேயாவது டேக்கோ கட்டுக்கம்பியோ தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.