சியாட்டில் குடிமை உரிமை அலுவலகத்தின் சாதிப் பாகுபாட்டுப் புகார்ச் சேவை: ஒரு மதிப்பீடு

2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம், 6க்கு 1 என்ற வாக்குகளில், நகரின் பாகுபாட்டுத் தடைச் சட்டங்களில் சாதியையும் சேர்த்தது. அமெரிக்க நகரங்களில் இப்படிச் செய்த முதல் நகரம் அதுவே. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அப்போதைய மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த், புனேவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வேலை, வாடகை வீடு, பொது இடங்கள் ஆகியவற்றில் சாதி பார்த்து ஒருவரை ஒதுக்கினால், நகரின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். அங்குள்ள நம்மவர்களுக்கு இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைச் சட்டத்தையும் நடைமுறையையும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

பிறப்பால் வரும் நிலை, அகமணம், வழக்கமோ சட்டமோ மதமோ அங்கீகரித்த சமூகத் தடைகள் ஆகியவற்றைக் கொண்டு சாதிக்கு இலக்கணம் வகுத்திருப்பது இச்சட்டத்தின் பலம். எந்த மதத்தையும் நாட்டையும் தனித்துச் சுட்டாததால், யார் செய்தாலும் குற்றம் குற்றமே. ஆனால் நம்மவர்கள் சாதியை நேராகக் கேட்பதில்லை. வீடு பார்க்கப் போனால் முதலில் சொந்த ஊர் எது என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எந்தத் தெரு என்பார்கள். பிறகு வீட்டில் கறி சமைப்பீர்களா என்பார்கள். அலுவலகத்திலோ, பூணூல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பதற்காகவே தோளில் தட்டுவோர் உண்டு. ஊரையும் சேரியையும் பிரித்து வைத்த மண்ணிலிருந்து வந்தவருக்கு இந்தக் கேள்விகளின் உள்நோக்கம் உடனே விளங்கும். விசாரணை அதிகாரிக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். சட்டம் பாதுகாக்கும் அடையாளங்களின் பட்டியலில் உணவுப் பழக்கம் இல்லை என்பதால், ‘சைவம் மட்டும்’ என்ற விளம்பரத்தை மட்டும் காட்டிப் புகாரை நிலைநிறுத்துவது கடினம். அதன் பின்னே சாதி இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

புகார் அளிக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, மொழிபெயர்ப்பாளர் உதவி உண்டு, குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. விசாரிப்பவர் நடுநிலையாளர், புகார்தாரரின் வழக்கறிஞர் அல்லர் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. இடையிலேயே இரு தரப்பும் சமரசத்துக்கு வரவும் வழி உண்டு. வாடகையில் பாகுபாடு நடக்கிறதா என்று அறிய, வீடு தேடுவோர் போல் ஆட்களை அனுப்பிச் சோதிக்கும் முறையையும் இந்த அலுவலகம் கையாண்டிருக்கிறது. இது மிகவும் பாராட்டத்தக்கது, ஏனென்றால் தான் ஒதுக்கப்பட்டோம் என்பதே தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

குறைகளில் பெரியது எல்லை. சட்டம் சியாட்டில் நகர எல்லைக்குள் மட்டுமே செல்லும். மைக்ரோசாஃப்ட் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டும், தமிழ்க் குடும்பங்கள் வசிக்கும் பெல்வியூவும் அதற்கு வெளியே இருக்கின்றன. வாஷிங்டன் மாநிலச் சட்டத்திலோ சாதி தனியாகக் குறிப்பிடப்படவில்லை. கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ நகரம் 2023 செப்டம்பரில் இதே வழியில் வந்தது. ஆனால் அடுத்த மாதமே அம்மாநில ஆளுநர் நியூசம், மாநிலம் முழுவதற்குமான மசோதாவைத் தன் தடையதிகாரத்தால் நிறுத்தினார். அண்டை நகர மன்றங்களும் தங்கள் சட்டங்களைத் திருத்தாதவரை, சியாட்டிலுக்கும் அந்நகரங்களுக்கும் நடுவே இருக்கும் வாஷிங்டன் ஏரிக்கு இந்தக் கரையில் கிடைக்கும் உரிமை அந்தக் கரையில் கிடைக்காது.

அடுத்த குறை, புகார்தாரரின் பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரிவது. ஒரே சங்கம், ஒரே பொங்கல் விழா என்று வாழும் சிறு சமூகத்தில், பெயர் வெளிவந்தால் சாதியும் வெளிவந்துவிடும். அதை இத்தனை ஆண்டுகள் மறைத்து வாழ்ந்தவருக்கு இது சிறிய விலை அன்று. பழிவாங்குவதைச் சட்டம் தடை செய்கிறதுதான். இருந்தாலும், எச்1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ பொதுவாக 60 நாட்களே அவகாசம் என்பதை நகரச் சட்டம் மாற்ற முடியாது.

இத்தனைக்கும் பிறகும், இந்தச் சேவையைப் பயன்படுத்துமாறே பரிந்துரைக்கிறேன். புகாருக்குக் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம். வேலையிடமோ வீடோ நகர எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் வையுங்கள். யார், எப்போது, என்ன கேட்டார் என்பதை அன்றன்றே தேதியுடன் எழுதி வையுங்கள். தெருப் பெயரைக் கேட்டது எதற்காக என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.