ஹீட்டர் வேணாம் என்று விற்ற ஃபைட்டர் மீன்: மலைநாட்டுக்காரர் கொஞ்சம் கவனம்

தைப்பொங்கல் முடிந்த கிழமை ஹற்றன் பக்கம் ஒரு மீன் கடையில் மகளுக்கு ஃபைட்டர் மீன் வாங்கினோம். நல்ல ஊதா நிறம், பாவாடை விரித்த மாதிரி வால். மீன் 900, கண்ணாடிப் போத்தல் 450, மணிபிளான்ட் துண்டு 100. மொத்தம் 1450 ரூபா. ஒன்பதாம் நாள் செத்துப்போனது.

"ஹீட்டர் கீட்டர் ஒன்னும் வேணாம் தங்கச்சி, இது போத்தல்லயே வளர்ற மீனு. மணிபிளான்ட் வேரத் தின்னுக்கிட்டு இருக்கும். மாசம் ஒருக்கா தண்ணி மாத்தினா போதும்" என்றார் கடைக்காரர். நம்பிவிட்டேன். கருவாட்டைத் தவிர மீனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருந்ததுதான் வினை. ஃபைட்டர் மேலே வந்து காற்றை நேராகவே இழுத்துக்கொள்ளும், அதற்கென்று தலைக்குள் தனி உறுப்பே இருக்கிறது. அதனால் குமிழி விடும் மோட்டார் இல்லாத சின்னப் போத்தலிலும் சில நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் தாய்லாந்துப் பக்கத்து வயல், சதுப்புகளின் வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்த இனம் அது. 24 முதல் 28 பாகை சூடு வேண்டும். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லய வீடோ நாலாயிரம் அடிக்கு மேலே. பக்கத்து வீட்டு சயன்ஸ் மாஸ்டரிடம் வெப்பமானி வாங்கி விடியற்காலையில் போத்தலில் வைத்தேன். 15 காட்டியது.

நாலாம் நாளே செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. போட்ட தீனி ஊறி அழுகியது. அத்தனூண்டு தண்ணீரில் கழிவும் சேர்ந்தால் அமோனியா ஏறி மீனைக் கொல்லும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். அழுக்குத்தானே என்று மொத்தத் தண்ணியையும் கொட்டிவிட்டு, பீலியில், அதாவது ஊற்றுத் தண்ணி வரும் குழாயில், பிடித்து ஊற்றினேன். எங்கள் பீலியில் மீனுக்கு ஆகாத குளோரின் கிடையாது, ஆனால் காலையில் கை வைத்தால் விறைத்துப்போகும். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். மணிபிளான்ட் சமாச்சாரம் இன்னும் மோசம்: புழு பூச்சி தின்கிற மீனுக்கு வேரைக் காட்டுவது, பூனைக்குப் புல்லுக்கட்டு போடுகிற கதை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "இந்தக் குளிருக்கு மீனுங்க அப்பிடித்தான் தங்கச்சி. வேற ஒன்னு எடுங்க, அரை விலைக்குத் தாரேன்."

அப்போதுதான் இறாக்கையைப் பார்த்தேன். ஃபைட்டர் போத்தல்கள் வரிசையாக இருக்க, அவற்றுக்குப் பின்னால் பட்டப்பகலில் ஒரு மஞ்சள் குண்டு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. முதல் தடவை போனபோதும் எரிந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு போத்தலைத் தொட்டேன். இளஞ்சூடு.

"இது எதுக்குண்ணே?"

"அது வெளிச்சத்துக்கு."

நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன் பக்கம் யாராவது ஃபைட்டர் வாங்குவதாக இருந்தால், முதலில் ஹீட்டருக்கும் மூடி போட்ட தொட்டிக்கும் காசு ஒதுக்குங்கள். பத்து லீட்டராவது பிடிக்க வேண்டும், இருபது என்றால் இன்னும் நல்லது. ஆண் மீன் ஒன்றே ஒன்று. இரண்டைச் சேர்த்தால் கடித்துக் குதறும். தண்ணியைக் கிழமைக்கு ஒருமுறை கால்வாசி மாற்றினால் சரி, புதுத் தண்ணியும் தொட்டிச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். அப்புறம், கடையில் காசு கொடுக்குமுன் மீன் இருக்கும் போத்தலைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதனால் என்று கேளுங்கள்.