டி.ஓ.வா, கரீபியன் எம்.டி.யா, இன்னொரு வருஷம் காத்திருப்பதா?

அமெரிக்காவில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் மார்ச், ஏப்ரல் வந்தால் இந்தப் பேச்சுதான். எம்.டி. (அங்கே இதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகள் கைவிரித்துவிட்டன அல்லது வெயிட்லிஸ்டில் வைத்திருக்கின்றன, ஒரு டி.ஓ. (ஆஸ்டியோபதி மரபிலிருந்து வந்த மருத்துவப் பட்டம்) கல்லூரி இடம் தருகிறது, கூடவே கரீபியன் தீவு ஒன்றிலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. எதை எடுப்பது? பலர் இதை எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் நடக்கிற போட்டியாகப் பார்க்கிறார்கள். அமெரிக்க எம்.டி. இடம் கையில் இருந்து, செலவும் கட்டுப்படியானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சே வேண்டாம். நிஜமான போட்டி டி.ஓ., கரீபியன் எம்.டி., ஒரு வருஷம் பொறுத்து மறுபடி விண்ணப்பிப்பது ஆகிய மூன்றுக்கும் நடுவில்தான்.

முதலில் ஊரில் இருக்கிற தாத்தா பாட்டிக்குச் சொல்ல வேண்டியது. டி.ஓ. படித்தவர் எலும்பு நீவிவிடுகிறவர் இல்லை. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எம்.டி.க்கு என்ன உரிமையோ அதே உரிமை. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபாத் என்று போர்டு வைத்திருப்பவர்கள் வேறு ரகம், அவர்கள் மருத்துவர்கள் அல்ல. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892ல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய கல்லூரியிலிருந்து கிளைத்த மரபு இது. நீண்ட காலம் எம்.டி.க்காரர்கள் மதிக்கவே இல்லை. 1962ல் கலிபோர்னியாவில் 65 டாலர் கட்டினால் டி.ஓ. பட்டத்தை எம்.டி.யாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள், அங்கிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாக மாறியது, இன்றைய யு.சி. இர்வைன் மருத்துவக் கல்லூரி அதன் வாரிசுதான். கடைசி மாநிலமாக மிசிசிப்பி முழு உரிமம் கொடுத்தது 1973ல். இன்றைக்கு அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் டி.ஓ. படிக்கிறார், டிரம்ப், பைடன் இருவருக்கும் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த கான்லி, ஓகானர் இருவருமே டி.ஓ.தான். இதைச் சொன்னால் பாட்டி அடங்கிவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மருத்துவப் பட்டம் வாங்கினால் மட்டும் அங்கே டாக்டர் தொழில் செய்ய முடியாது, ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் பயிற்சி இடம், கிடைக்க வேண்டும். அந்த இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் மேட்ச்தான் எல்லாக் கணக்கையும் தீர்மானிக்கிறது. 2024 மேட்சில் அமெரிக்க எம்.டி. கடைசி வருஷ மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு முதலாண்டு இடம் கிடைத்தது. டி.ஓ. மாணவர்களுக்கு 92.3. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு, அதாவது பெரும்பாலும் கரீபியன் கூட்டத்துக்கு, 67. பட்டத்தின் பெயர் எம்.டி. என்பதற்காகத் தீவுக்கு ஓடுகிறவர்கள் 92க்கும் 67க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அந்த 67ம் முழுக் கதை இல்லை. அது மேட்ச் வரைக்கும் வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. முதல் இரண்டு வருஷத்திலேயே தோற்று வெளியேறியவர்கள், கல்லூரியின் உள்தேர்வு தாண்டாததால் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டம், ஸ்டெப் 1, எழுதவே விடப்படாதவர்கள், நடுவில் கடனோடு திரும்பியவர்கள், யாரும் அதில் இல்லை. கல்லூரிகளே சொல்லும் சதவீதத்தை இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்: செயின்ட் ஜேம்ஸ் என்ற கரீபியன் கல்லூரி தன் மேட்ச் விகிதம் 83 என்று விளம்பரம் செய்தது, உண்மையில் 63தான் என்று 2022ல் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. நடவடிக்கை எடுத்தது. எல்லாத் தீவுக் கல்லூரியும் அப்படி இல்லை. கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் 1976ல் தொடங்கியது, அங்கே படித்து நல்ல நிலையில் இருக்கும் டாக்டர்கள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள், அவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆனால் கல்லூரி உங்களைக் காப்பாற்றாது, நீங்களே நீந்திக் கரையேற வேண்டும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் மதிப்பெண் குறைவாக வந்ததால்தான் தீவுக்குப் போகிறோம் என்றால் அந்த நீச்சல் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதனால் டி.ஓ. படிப்பில் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. பெரிய குறை ஸ்பெஷாலிட்டி விஷயத்தில். ஃபேமிலி மெடிசின், இன்டர்னல் மெடிசின், பீடியாட்ரிக்ஸ், எமர்ஜென்சி, பி.எம்.ஆர். (உடல் மறுவாழ்வு மருத்துவம்) இவற்றில் டி.ஓ.வுக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. சைக்கியாட்ரியும் அனஸ்தீஷியாவும் கொஞ்சம் உழைத்தால் எட்டும். நியூரோசர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணுமளவு டி.ஓ.க்கள்தான் உள்ளே போகிறார்கள். டெர்மட்டாலஜி, ஆர்த்தோ, ஈ.என்.டி. மூன்றும் முடியாததில்லை, ஆனால் கஷ்டம். முன்பு டி.ஓ.க்களுக்கென்றே தனி ரெசிடென்சிகள் இருந்தன, ஆர்த்தோவும் டெர்மும் அதில் அடக்கம். 2015ல் ஆரம்பித்து 2020ல் இரண்டு முறைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எம்.டி. ரெசிடென்சிகளில் டி.ஓ.க்கள் தயக்கமில்லாமல் நுழைய வழி பிறந்தது, பதிலுக்கு அந்த ஒதுக்கிவைத்த இடங்களுக்கும் எம்.டி.க்கள் போட்டிக்கு வந்துவிட்டார்கள். சராசரி மாணவருக்கு இது லாபம், ஆர்த்தோ கனவு கண்டவருக்கு நஷ்டம் என்பது என் கணிப்பு. கார்டியாலஜி போல இன்டர்னல் மெடிசினுக்குப் பிறகு போகிற ஃபெல்லோஷிப்புகளில் பட்டத்தைவிட ரெசிடென்சியை எங்கே செய்தீர்கள் என்பதுதான் பேசும்.

அப்புறம் தேர்வு. டி.ஓ. மாணவர் தங்களுக்கென்று உள்ள உரிமத் தேர்வான காம்லெக்ஸ் கட்டாயம் எழுத வேண்டும். போட்டி உள்ள ரெசிடென்சிக்கு ஆசைப்பட்டால் யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுதியாக வேண்டும், காரணம் பல ரெசிடென்சி இயக்குநர்கள் அந்த மதிப்பெண்ணைத்தான் பார்த்துப் பழகியவர்கள். ஸ்டெப் 1, 2022 முதல் வெறும் பாஸ்/ஃபெயில் ஆகிவிட்டதால் இப்போது எல்லா எடையும் ஸ்டெப் 2 மேல். இரட்டைத் தேர்வு, இரட்டைக் கட்டணம், இதோடு கையால் உடலைத் தொட்டுச் சரிசெய்யும் ஓ.எம்.எம். பாடம் சுமார் 200 மணி நேரம். முதுகுவலிக்கு அதில் பிரயோஜனம் இருக்கலாம், மண்டையோட்டு எலும்புகளை அசைக்கிறேன் என்கிற பகுதிக்கு ஆதாரம் மெலிது, மாணவர்களே அதைக் கிண்டல் செய்வார்கள். படித்து முடித்தபின் பலர் ஓ.எம்.எம். பக்கமே போவதில்லை.

பயிற்சியில் இன்னொன்று. டி.ஓ. கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம் வருஷம் மாணவர்களைச் சிறு ஊர் மருத்துவமனைகளுக்கும் தனியார் கிளினிக்குகளுக்கும் பிரித்து அனுப்புவார்கள். சில இடங்களில் நல்ல அனுபவம் கிடைக்கும், சில இடங்களில் ஒரு டாக்டர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். மிச்சிகன் ஸ்டேட், ஃபோர்ட் வொர்த்தின் டெக்சாஸ் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளையும் நேற்று திறந்த தனியார் கல்லூரியையும் ஒரே டி.ஓ. என்று ஒரே தட்டில் வைக்காதீர்கள். இன்டர்வியூ அன்று ரொட்டேஷன் (மருத்துவமனைப் பயிற்சி) எங்கெங்கே, அங்கே ரெசிடென்ட்கள் இருக்கிறார்களா, போன வருஷம் யாருக்கு எங்கே மேட்ச் ஆனது என்று கேளுங்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

காத்திருப்பது யாருக்கு? எம்கேட் 500க்கும் கீழே நின்று, அதை ஏற்ற உருப்படியான திட்டம் கையில் இருப்பவருக்கு. எம்.டி.யில் சேருகிறவர்களின் சராசரி 511, 512, டி.ஓ.வில் சுமார் 504. தாமதமாக விண்ணப்பித்துக் கெட்டவர், கிளினிக்கல் அனுபவமே இல்லாதவர், இவர்களுக்கும் ஒரு வருஷம் உதவும். டி.ஓ. இடத்தை உதறிவிட்டு எம்.டி. என்ற பெயருக்காக மட்டும் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். டெர்மோ நியூரோசர்ஜரியோதான் வேண்டும், ஆராய்ச்சி அனுபவமும் ஏற்கெனவே இருக்கிறது என்றால் மட்டும் விதிவிலக்கு.

பணத்தில் புதிதாக ஒரு இடி. 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த கிராஜுவேட் பிளஸ் லோன் கிடையாது. மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கட்டணமே 60,000ஐத் தாண்டும், சாப்பாடும் வாடகையும் தனி. டெக்சாஸ்வாசிகளுக்கு ஃபோர்ட் வொர்த் அதில் பாதிகூட ஆகாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கடனும் இல்லை, பல எம்.டி., டி.ஓ. கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் படித்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள். தீவுக் கல்லூரிகள் இவர்களைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும், அதனால்தான் அதிகம் மாட்டிக்கொள்வதும் இவர்களே.

டி.ஓ. கல்லூரிகள் இடத்தைப் பிடித்து வைக்க முன்பணம் கேட்கும், சில இடங்களில் ஆயிரம் இரண்டாயிரம் டாலர், திரும்ப வராது. எம்.டி. வெயிட்லிஸ்ட் நகர ஆரம்பிப்பது ஏப்ரல் கடைசிக்குப் பிறகு. அதனால் முன்பணத்தைக் கட்டி இடத்தை வைத்துக்கொண்டு வெயிட்லிஸ்டிலும் பெயரை விட்டுவையுங்கள், மேலே இடம் வந்தால் அந்தப் பணம் போனது போகட்டும்.