மெத்தில் செல்லுலோஸ் பூசிய இரட்டை டிஷ்யூ தாள்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கொக்கு, தவளை போன்ற எளிய உருவங்களை மடிக்கும்வரை தாள் கிழிவது எனக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ஆறு கால்களும் கொம்பும் கொண்ட வண்டு ஒன்றைக் கடையில் கிடைக்கும் 15 செ.மீ. வண்ண ஓரிகாமித் (தாள்மடிப்புக் கலை) தாளில் மடிக்கத் தொடங்கியபோதுதான், இரண்டு மாலைகளின் உழைப்பு நடுவில் விழுந்த ஊசிமுனை அளவு ஓட்டையால் வீணாவதைக் கண்டேன். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் ஓட்டை ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. பிழை என் விரல்களில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பல மடிப்புக் கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் இடத்தில்தான் தாள் முதலில் நைகிறது. அதே கோட்டை ஒரு முறை மேல்நோக்கியும் மறுமுறை கீழ்நோக்கியும் மடிக்கும்போது இழைகள் இருபுறமும் முறிகின்றன. முனையை உள்ளே அழுத்திப் புதைக்கும் சிங்க் மடிப்பிலோ, அப்புள்ளியைச் சுற்றியுள்ள பல கோடுகள் ஒரே நேரத்தில் திசை மாறுகின்றன. எழுதும் தாளில் உள்ள மரக்கூழ் இழைகள் பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. நீளமே உள்ளவை என்பதால் இந்தத் திருப்பங்களை நெடுநேரம் தாங்குவதில்லை. ஜப்பானிய வாஷி தாளுக்குப் பயன்படும் கோசோ என்னும் மரத்தின் பட்டை இழைகள் ஏறத்தாழ 10 மி.மீ. வரை நீள்வதால்தான் அது மெல்லியதாக இருந்தும் உறுதியாக நிற்கிறது.

மாற்றாக முதலில், மெல்லிய அலுமினியத் தகட்டின்மேல் டிஷ்யூ எனப்படும் மிக மெல்லிய தாளை ஒட்டிய தாளை ஓராண்டு பயன்படுத்தினேன். அது வளைத்த வடிவத்தில் அப்படியே நிற்கும் என்றாலும், தவறாக விழுந்த மடிப்பை அதிலிருந்து அழிக்கவே முடியாது. கூர்முனைகளில் தகடு விரிசல் விட்டு வெள்ளியாக எட்டிப் பார்க்கும்.

அதன் பிறகே, நீரில் கரைத்தால் பசையாகும் தூளான மெத்தில் செல்லுலோஸுக்கு வந்தேன். ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) ஈரமான தாளில் மடிக்கும் முறையை உருவாக்கியபோது, தாளில் உள்ள பசைப்பொருள் ஈரத்தில் இளகி, உலரும்போது இறுகும் தன்மையையே பயன்படுத்திக்கொண்டார். மெத்தில் செல்லுலோஸ் அதே வேலையை மெல்லிய தாளில் செய்கிறது. இந்தத் தூள் குளிர்ந்த நீரில்தான் கரையும். ஆகவே முதலில் சிறிது வெந்நீரில் கட்டியின்றிக் கலக்கி, பிறகு குளிர்ந்த நீர் சேர்க்கிறேன். கண்ணாடியின்மேல் இரண்டு டிஷ்யூ தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அகலத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பூசி, ஓர் இரவு முழுவதும் காயவிட்டு உரிக்கிறேன். பொறுமையின்றி அரைகுறை ஈரத்தில் உரித்தால், மடிப்பதற்கு முன்பே தாள் கிழியும். இதை நான் ஒரு முறைக்கு மேல் செய்திருக்கிறேன்.

இந்த நான்கு ஆண்டுகளில் நடுப்புள்ளி ஓட்டை அரிதாகிவிட்டது. பாராட்டு முழுவதையும் பசைக்கே கொடுப்பது நேர்மையாகாது: சதுரத்தை 40 செ.மீ. அளவுக்குப் பெரிதாக்கியதும், உருவம் கொடுக்கும் முன் கோடுகளுக்காகப் போடும் முன்மடிப்புகளை நகத்தால் அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தை விட்டதும், ஒவ்வொரு கோட்டிலும் தேவையான பகுதியை மட்டும் மடிப்பதும் அதில் பங்கு பெற்றன. ஒரு புள்ளி நைந்து வெளிச்சம் கசிவது தெரிந்தால், அதன் பின்புறத்தில் நெல்மணி அளவு டிஷ்யூ துண்டைக் கரைசலால் ஒட்டி, முக்கால்வாசி உலர்ந்ததும் தொடர்கிறேன்.

குறைகளும் உண்டு. மலிவான வண்ண டிஷ்யூவின் சாயம் கரைசலில் ஊறி விரலெல்லாம் ஒட்டுகிறது. மழைக்காலத்தில் முடித்த உருவங்களின் கால்கள் தளர்ந்து சாய்கின்றன. சென்ற ஐப்பசியில் அலமாரியில் இருந்த வண்டு ஒன்று வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்தேவிட்டது. கால்களில் மீண்டும் கரைசல் தடவி, உலரும்வரை குண்டூசிகளால் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.