எம் 51-ஆ, எம் 81–82-ஆ: கொல்லையிலிருந்து எந்த ஜோடியைப் பிடிக்கலாம்?

ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் இரண்டு கேலக்ஸிகளை வீட்டுக் கொல்லையிலிருந்தே படமெடுக்க வேண்டுமானால், பேச்சு கடைசியில் இரண்டு ஜோடிகளில்தான் வந்து நிற்கும்: எம் 51-உம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னது என்ஜிசி 5195-உம் ஒன்று, எம் 81–82 மற்றொன்று (எம், என்ஜிசி என்பவை வானப் பொருள்களின் பட்டியல் பெயர்கள்).

கையில் 400 மி.மீ. ஃபோகல் லெங்த் (இது கூடக் கூடப் படம் பெரிதாகும், ஃப்ரேமில் அடங்கும் வானம் குறையும்) கொண்ட லென்ஸோ சின்ன ரிஃப்ராக்டரோதான் (லென்ஸ் வைத்த டெலஸ்கோப்) இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், எம் 81–82. இரண்டுக்கும் நடுவே 37 ஆர்க் நிமிட (ஆர்க் நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) இடைவெளி, முழுநிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், ஃப்ரேமில் தாராளமாக உட்காரும். 2000 மி.மீ. டெலஸ்கோப் வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல், ஏபிஎஸ்-சி சென்சாரில் (பல கேமராக்களில் இருக்கும் நடுத்தர அளவு) இரண்டும் முழுசாக அடங்காது. எம் 51-இன் நீளமே 11 ஆர்க் நிமிடம். 3.76 மைக்ரான் பிக்சல் கேமராவில் 400 மி.மீ.க்கு அது சுமார் 340 பிக்சல்தான். சுருள் தெரியும், பெரிதாக்கினால் குழைந்துவிடும். 1000 மி.மீ. போனால் 850 பிக்சல், சுருளின் கைகளில் ஓடும் தூசிக் கோடுகளும் இளஞ்சிவப்புத் திட்டுகளும் அப்போதுதான் பிரிந்து வரும். அதற்கேற்ற மவுண்ட்டும் (வானத்தோடு சுழலும் தாங்கி) கைடிங்கும் (அது பிசகாமல் திருத்தும் ஏற்பாடு) வேண்டும், அது தனிச் செலவு.

ஆனால் இழுபறி படத்தில் தெரிய வேண்டுமே! எம் 81–82 எவ்வளவு அழகாக வந்தாலும், இரண்டு கேலக்ஸி பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு மேல் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. இரண்டையும் பிணைக்கும் ஹைட்ரஜன் வாயு ரேடியோ படங்களில்தான் தெரியும். எம் 51-இல் அந்தக் கேள்வியே இல்லை. ஒரு கை நீண்டு துணையின் பக்கம் போகிறது, அதன் தூசிக் கோடு என்ஜிசி 5195-இன் ஓரத்தை மறைத்தபடி குறுக்கே ஓடுகிறது. இந்தச் சுருளை 1845-லேயே ராஸ் பிரபு தன் 72 அங்குல டெலஸ்கோப்பில் கண்ணால் பார்த்து வரைந்துவிட்டார், கேமராவே இல்லாமல்.

தெருவிளக்கு வெளிச்சத்துக்கு டூயல் பேண்ட் ஃபில்டர் (ஒளிரும் வாயுவின் இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் விடுவது) போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். கேலக்ஸியின் ஒளி பெரும்பாலும் நட்சத்திர ஒளி, ஃபில்டர் அதையும் சேர்த்துத்தான் வெட்டும். எம் 82-இன் நடுவிலிருந்து பீறிடும் சிவப்பு வாயுவுக்கு மட்டும் அது உண்மையிலேயே உதவும், ஃபில்டர் இல்லாமல் எடுத்ததோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். எம் 51-ஐச் சுற்றிச் சிதறியிருக்கும் மங்கல் ஒளியோ நகர வானத்தில் கரைந்தே போகும். நிலா இல்லாத இரவுகளில் மணிக்கணக்காகப் படமெடுத்து ஸ்டாக் செய்வதை (பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதை) தவிர வழியில்லை.

அப்புறம், எங்கே இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நிலநடுக்கோட்டில் எம் 81 அதிகபட்சம் 21 டிகிரிதான் ஏறும், எம் 51 43 டிகிரி. தெற்கே போகப் போக இரண்டுமே இறங்கும். அங்கே இருப்பவர்கள் அஸ்தம் நட்சத்திரக் கூட்டத்திலுள்ள ஆன்டெனா என்ற கேலக்ஸி ஜோடியைப் பார்க்கலாம், மங்கல்தான், ஆனால் உயரமாக வரும்.

என் ஓட்டு எம் 51-க்கு, ஃபோகல் லெங்த் இடம் கொடுத்தால்.